பழுப்பு ஹண்டர்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பை உள்ளயே விடுங்க, வெளிய போட்டா பக்கத்து வீட்டு நாய் ஒத்தைச் செருப்பை மட்டும் தூக்கிட்டுப் போயிடும். அவர் முடி வெட்டப் போயிருக்கார். ஞாயித்துக்கிழமை, கூட்டமா இருக்கும், வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். பெங்களூர்லேர்ந்து வர்றீங்க. அந்தப் பெட்டிக்காக வர்றீங்க. இங்க திருச்சியில ஏதோ கல்யாணம், அப்படியே ஒரு எட்டு பார்த்துட்டுப் போகலாம்னு வந்திருக்கீங்க. மூணு மாசமா நீங்க போட்ட மெசேஜுக்கு ஒண்ணுக்குக்கூட அவர் பதில் போடல, இல்லையா? எப்படிப் போடுவார்? என்னன்னு போடுவார்?

சுத்தி வளைக்காம சொல்லிடுறேன். பெட்டி போச்சு. உடைச்சாச்சு. எலி இல்ல, கரையான் இல்ல. நான்தான். கத்தரிக்கோலை எடுத்து அந்த ஒட்டின காகிதத்தை ஒரே இழுப்புல கிழிச்சேன். மூஞ்சியை அப்படி வெச்சுக்காதீங்க தம்பி. உங்களை மாதிரி பழைய பெட்டி சேர்க்கிறவங்க எல்லாரும் இப்படித்தான் வெச்சாங்க. ஒருத்தர் போன் பண்ணி, "அக்கா, நாப்பது வருஷ சீலை உடைச்சுட்டீங்களே அக்கா"ன்னு அழாத குறை. ஏன், அதுக்குள்ள என்ன, புனிதர் எலும்பா இருக்கு? பிளாஸ்டிக்கு. செய்யத்தானே பெட்டியில போட்டு வித்தான்? பார்த்துக்கிட்டே இருக்கவா வித்தான்?

காபி ஆறுது, குடிங்க.

எண்பத்திமூணுல, கல்யாணத்துக்கெல்லாம் ரொம்ப முன்னாடி, மெட்ராஸ் மூர் மார்க்கெட்டுல வாங்கினாராம். ஹண்டர். நம்ம விமானப்படையில இருந்த சண்டை விமானம். உங்களுக்கு நான் சொல்லணுமா? சீமையில செஞ்ச பெட்டி. துண்டு துண்டா இருக்கும், ஒட்டி, பெயிண்ட் அடிச்சா ஒரு சாண் நீளத்துக்கு விமானம் வரும். வாங்கினவர் செஞ்சாரா? செய்யல. நான் தொண்ணூறுல இந்த வீட்டுக்கு மருமகளா வந்தப்போ பீரோவுல மேல் தட்டு அதுக்கு. என் கூறைப்புடவைக்குக் கீழ் தட்டு. அந்துருண்டைகூட முதல்ல அதுக்குத்தான் போடுவார். வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துத் துடைப்பார். அட்டையில அந்த விமானம் மேகத்துக்கு நடுவுல பறக்கும், அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பார். "செய்யுங்களேன்"ம்பேன். "ரிட்டயர் ஆனதும்"பார். போஸ்ட் ஆபீஸ்ல முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ரிட்டயரும் ஆனார். நாலு வருஷம் ஆச்சு. "செய்யுங்களேன்"னேன். "வெளிச்சம் பத்தாது"ன்னார். ஜன்னல் பக்கம் மேசையைத் திருப்பிப் போட்டேன். "பிரஷ் நல்லா இல்ல"ன்னார். வாங்கிக் கொடுத்தேன். அதையும் பீரோவுல வெச்சுட்டார்.

சின்ன வயசுல விமானப்படையில சேரணும்னு தாம்பரம் வரைக்கும் போனவர் தம்பி. மெடிக்கல்ல திருப்பி அனுப்பிட்டாங்க. மார்பளவு ரெண்டு அங்குலம் பத்தலைன்னு சொன்னார். என்கிட்ட மட்டும் இல்ல, அவங்க அம்மாகிட்டயும் அதைத்தான் சொன்னார்.

ஜனவரி மாசம் ஒரு நாள் நான் நெத்திலி ஆஞ்சுக்கிட்டு இருக்கேன். இவர் வாசல்ல நின்னு போன் பேசுறார். உங்ககிட்டத்தான் பேசியிருக்கணும். "எடுத்துக்கோங்க சார், இனிமே எனக்கு எதுக்கு, நான் எங்க செய்யப் போறேன்"னார். அந்தக் குரல் இருக்கே, தம்பி, அது வித்துட்டு நிம்மதியா இருக்கப் போற மனுஷன் குரல் இல்ல. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. பாசத்துல பண்ணேன்னு நெனைச்சுடாதீங்க. பாசமெல்லாம் ஒண்ணுமில்ல. கோவம். முப்பத்துநாலு வருஷம் என் புடவைக்கு மேல உக்காந்திருந்தது, யாரோ ஒருத்தர் வீட்டு பீரோவுல போய் இன்னும் நாப்பது வருஷம் உக்காரப் போகுதாக்கும்? மறுநாள் அவர் காலைப் பூசைக்குப் போனார். நான் கையைக் கழுவினேன், கத்தரிக்கோலை எடுத்தேன்.

திரும்பி வந்து பார்த்தார். மேசை மேல பெட்டி திறந்து கிடக்கு. துண்டுகளையெல்லாம் சோப்புத் தண்ணியில கழுவி துண்டுல பரப்பி வெச்சிருக்கேன். கத்துவார்னு நெனைச்சேன். பதில் எல்லாம் தயாரா வெச்சிருந்தேன். கத்தல. தொப்பியைக் கழட்டினார். ஆணியில மாட்டினார். உள்ள போய்ப் படுத்துட்டார். அன்னையிலேர்ந்து பேச்சை நிறுத்திட்டார்.

இருபத்திமூணு நாள் தம்பி. பால் தீர்ந்தா காலண்டர்ல 'பால்'னு எழுதி வெப்பார். நான் அதுக்குக் கீழ 'வாங்கியாச்சு'ன்னு எழுதுவேன். எனக்கு மட்டும் எழுதத் தெரியாதா?

நான் பாட்டுக்குச் செஞ்சேன். எனக்கென்ன பயம்? இருபத்தொன்பது வருஷம் பல் செட் பண்ணினவ நான். தில்லைநகர் பக்கம் ஒரு டெண்டல் லேப்புல. டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார், மெழுகுல பல்லை அடுக்கி, ஈறு செதுக்கி, வார்த்து, ராவி, பாலிஷ் போட்டுக் கொடுப்போம். அரைக்கடுகு அளவு மேடு இருந்தாலும் வாயில உறுத்தும், மறுநாள் திரும்பி வந்துடும். அந்தக் கைக்கு விமானம் எம்மாத்திரம்?

ஆனா சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பழைய பெட்டி லேசுப்பட்டதில்ல. இறக்கை ரெண்டும் வளைஞ்சு போயிருந்துச்சு. வெந்நீர்ல முக்கி, நிமிர்த்தி, ரெண்டு பைபிளுக்கு நடுவுல வெச்சேன். ஓரமெல்லாம் பிசிறு. அதை ராவி எடுத்தேன். இறக்கை உடம்போட சேர்ற இடத்துல சுண்டு விரல் நகம் போற அளவு சந்து. பல்லுக்கு ஊத்துற அக்ரிலிக் திரவம் வீட்டுல இருந்துச்சு, அதை வெச்சு அடைக்கலாம்னு ரெண்டு சொட்டு விட்டேன். மேல் பக்கம் அப்படியே இளகிப் போச்சு. மாதாவே! யாருக்கும் தெரியாம அதை ராவிச் சரி பண்ண நாலு நாள். யாருக்கும்னா யாருக்கு, இவருக்குத்தான். இவர் அந்த நாற்காலியில பேப்பர் படிக்கிற மாதிரி உக்காந்திருப்பார். பேப்பரைத் திருப்பவே மாட்டார். அப்புறம் ஃபெவிக்விக்கும் முகத்துக்குப் போடுற பவுடரும் கலந்து அடைச்சேன். கல்லு மாதிரி நின்னுடுச்சு. பைலட் உக்கார்ற இடத்துக்கு மேல கண்ணாடி மூடி ஒண்ணு வரும், அது கீறல் விழுந்து மங்கிக் கிடந்துச்சு. பல்லுக்கு பாலிஷ் போடுற பவுடர் தொட்டு, பழைய பருத்தித் துணியில தேய்ச்சேன் பாருங்க. தண்ணி மாதிரி ஆயிடுச்சு.

இருபத்திநாலாம் நாள். உடம்பு ரெண்டு பாதியா இருக்கும், பாதிக்கு ஒரு இறக்கை சேர்த்தாச்சு, இப்ப பாதி ரெண்டையும் ஒட்டப் போறேன். பசை தடவிட்டேன். ரெண்டையும் சேர்க்கப் போற நேரம், பேப்பருக்குப் பின்னாலேர்ந்து, "மூக்குல எடை"ன்னு ஒரு சத்தம்.

"என்னது?"

"மூக்குல எடை வைக்கணும். இல்லன்னா வால் பக்கம் சாஞ்சு உக்காந்துடும்."

எப்படி வந்துச்சு பாருங்க பேச்சு. 'சாப்பிட்டியா' இல்ல, 'லூர்து'ன்னு பேர் சொல்லிக்கூட இல்ல. மூக்குல எடை. லேப்ல மிச்சமான உலோகத் துண்டு ஒரு டப்பாவுல இருந்துச்சு, அதை அவர் முன்னாடி வெச்சேன். எந்திரிச்சு வந்தார். ஒவ்வொண்ணா கையில தூக்கிப் பார்த்து, நாலு துண்டு எடுத்து, மூக்குக்குள்ள ஒட்டினார். நாப்பத்தொரு வருஷத்துல அந்த விமானத்தை அவர் தொட்டது அப்பதான். நான் பார்க்காத மாதிரி காபி போடப் போயிட்டேன்.

அதுக்கப்புறம் என்ன, ரெண்டு பேருமா உக்காந்தோம். சக்கரம், குண்டு, பெட்ரோல் டேங்கி, எல்லாம் அவர் பேர் சொல்லிச் சொல்லி எடுத்துத் தருவார். எல்லாம் மனப்பாடம். இந்த மனுஷன் இவ்வளவு பேசுவார்னு எனக்கே தெரியாது.

பெயிண்ட்டுன்னு வந்ததும் மறுபடி ஆள் சுருங்கிட்டார்.

பெட்டியில இருந்த ஒட்டுப்படம் எல்லாம் வெள்ளைக்காரன் விமானப்படை வட்டம். நீலம், வெள்ளை, சிவப்பு. அதுவும் தண்ணியில போட்டதும் நூறு துண்டா நொறுங்கிப் போச்சு. போனா போகட்டும், நம்ம வட்டத்தைக் கையாலேயே வரைவோம்னேன். வெளிய காவி, நடுவுல வெள்ளை, உள்ள பச்சை. பல்லு மேல கறை வரைஞ்ச கை, வட்டம் வராதா? இவர் பக்கத்துல உக்காந்திருந்தார். காவி, பச்சை பெயிண்ட் டப்பா ரெண்டுக்கும் ஒரே மாதிரி கருப்பு மூடி. திறந்து வெச்சிருக்கேன். கண்ணை எடுக்காம கையை நீட்டி, "அந்தக் காவியை இப்படித் தள்ளுங்க"ன்னேன். பச்சையைத் தள்ளினார்.

"காவிங்க."

மறுபடி அதையே தள்ளினார்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். இவர் எப்பவும் இப்படித்தான் தம்பி. அரக்கு நூல் வாங்கிட்டு வாங்கன்னா பச்சை நூல் வரும். பழுத்த தக்காளி வாங்குங்கன்னா பாதி காயா இருக்கும். ஒரு கிறிஸ்மஸுக்கு ஆசையா கேட்ட மெரூன் புடவை, பாசி நிறத்துல வந்துச்சு. கவனமே இல்லாத மனுஷன்னு அவங்க அக்கா தங்கச்சி எல்லாரையும் வெச்சுக்கிட்டே சொல்லியிருக்கேன். அன்னைக்கும் சொன்னேன். "கண்ணு முன்னாடி இருக்கிறதுகூடத் தெரியலையா? கண்ணு என்ன பொட்டையா?"ன்னு கேட்டேன்.

அவர் ரெண்டு டப்பாவையும் பக்கத்துல பக்கத்துல நகர்த்தி வெச்சார்.

"லூர்து, இது கொஞ்சம் வெளுப்பு. இது கொஞ்சம் அடர்த்தி. எனக்குத் தெரியுறது அவ்வளவுதான்."

எனக்குப் புரியல.

"தாம்பரத்துல மார்பளவு இல்ல. ஒரு புத்தகம் காமிச்சாங்க. பக்கம் பக்கமா கலர் புள்ளி. புள்ளிக்குள்ள நம்பர் இருக்கும், படின்னாங்க. எனக்குப் புள்ளிதான் தெரிஞ்சுது. பின்னாடி நின்னவன் சிரிச்சான்."

அப்புறம் சொன்னார், "வெளிய காவி, உள்ள பச்சைன்னு படிச்சு வெச்சிருக்கேன். எந்த டப்பா எதுன்னு யாரைப் போய்க் கேக்கிறது?"

அதுக்காக நாப்பத்தொரு வருஷம், தம்பி. ஒரு டப்பாவைக் காட்டி இது என்ன நிறம்னு கேக்க முடியாம நாப்பத்தொரு வருஷம்.

நான் மன்னிப்பெல்லாம் கேக்கல. எதுக்குக் கேக்கணும்? சொல்லியிருந்தா நான் ஏன் கத்தப் போறேன்? வாயைத் தொறந்து சொல்லாதது அவர் தப்பு. மறுநாள் உக்காந்து எல்லா டப்பா மூடியிலயும் கெட்டி எழுத்துல பேர் எழுதி ஒட்டினேன், அது வேற விஷயம். வேலை சுலபமா நடக்கணுமில்ல? வீட்டுல நூல் டப்பா, ஜாக்கெட் துணி, கொடியில போடுற கிளிப்பு வரைக்கும் எழுதி ஒட்டினேன். கை ஓட்டத்துல பண்ணினது.

விமானத்துக்கு மேல் பக்கம் சாம்பலும் கரும்பச்சையும் திட்டுத் திட்டா வரணும். சாம்பலை நான் கலந்துட்டேன். "பச்சையை நீங்க கலக்குங்க"ன்னேன்.

"கேலி பண்றியா?"ன்னார்.

"நீங்க ஹண்டரை நேர்ல பார்த்திருக்கீங்களா, நான் பார்த்திருக்கேனா?"

பன்னெண்டு வயசுல பார்த்திருக்கார். வயல்ல மாடு மேய்ச்சுக்கிட்டு இருந்தப்போ ரெண்டு ஹண்டர் தலைக்கு மேல தாழப் போச்சாம், மாடு கயித்தை அறுத்துக்கிட்டு ஓடிடுச்சாம். "அது கண்ணுல இருக்கில்ல? அதைக் கலக்குங்க"ன்னேன்.

தம்பி, லேப்ல எங்ககிட்ட ஷேட் கார்டு இருக்கும். பல்லு நிறம் வரிசையா ஒட்டி வெச்ச அட்டை. புதுசா வர்ற பொண்ணுங்க அதைப் பார்த்தே செய்வாங்க. நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஒரு அம்மா, வெத்தலை போட்டுப் போட்டுப் பல்லெல்லாம் காவியேறிக் கிடக்கும், முன்னாடி ரெண்டு பல்லு மட்டும் வேணும். வெள்ளையா வெச்சா அவங்க வாயைத் தொறக்கவே மாட்டாங்க. அவங்க வாய்க்கு எது நிறமோ அதுதான் நிறம். அட்டை சொல்றது அட்டைக்கு.

ஒரு காலைப்பொழுது முழுக்கக் கலந்தார். கொஞ்சம் அதை விட்டு, கொஞ்சம் இதை விட்டு, ஜன்னல்கிட்ட கொண்டு போய்ப் பார்த்து, தலையை ஆட்டி, மறுபடி கலந்து. கடைசியில கிண்ணத்தை என் பக்கம் நீட்டி, "இதுதான் லூர்து. இதேதான்"னார். முகத்தைப் பார்க்கணுமே நீங்க.

பார்த்தேன். பழைய புளி நிறம். சுத்தப் பழுப்பு.

"நல்லா இருக்கு"ன்னேன். அடிச்சேன். ஓரம் பிசகாம, திட்டுத் திட்டா, மூணு கோட்டு அடிச்சேன்.

போன மாசம் இங்க ஒரு காலேஜ் ஹால்ல கண்காட்சி வெச்சாங்க. மாடல் செய்யறவங்க எல்லாம் நாலா ஊர்லேர்ந்தும் கொண்டு வந்திருந்தாங்க. நான்தான் பேர் கொடுத்தேன். இவர் வேணாம் வேணாம்னார். அட்டையில 'செய்தவர்கள்: இன்னாசிமுத்து, லூர்துமேரி'ன்னு எழுதி வெச்சேன். மார்க் போட ஒருத்தர் வந்தார். கழுத்துல அடையாள அட்டை, கையில டார்ச். குனிஞ்சு, ஒட்டின இடத்துலெல்லாம் டார்ச் அடிச்சுப் பார்த்தார். "ஒட்டே தெரியலையே சார், என்ன வெச்சு அடைச்சீங்க?"ன்னு இவரைப் பார்த்துக் கேட்டார். நான் இங்க மரமாட்டம் நிக்கிறேன். "ஃபெவிக்விக்கும் பவுடரும்"னு நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிட்டு மறுபடி இவரைப் பார்த்து, "கண்ணாடி பிரமாதம் சார்"ங்கிறார்.

அப்புறம் டார்ச்சை மேல் பக்கம் அடிச்சார். "ஆனா சார், இந்தப் பச்சை? இது மண்ணு நிறமா இருக்கே. இவ்வளவு வேலை பண்ணிட்டு நிறத்துல கோட்டை விட்டுட்டீங்களே. ஒரு போட்டோகூடப் பார்க்கலையா?"

சத்தமாத்தான் கேட்டார். பக்கத்து மேசையில இருந்த ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தாங்க. ஒருத்தன் சிரிச்சான். இவரைப் பார்த்தேன். முகம் செத்துப் போச்சு. 'கலந்ததைப் பார்த்து இவகூட நல்லா இருக்குன்னு சொன்னாளே'ன்னு ஒரு பார்வை என் மேல. அது வரைக்கும் அது பழுப்புன்னு அவருக்குத் தெரியாதே, தம்பி. நான் சொல்லவே இல்லையே.

நான் முன்னாடி வந்துட்டேன். "அது நான் கலந்தது. எனக்குப் புடிச்ச நிறம். அதுக்கென்ன இப்போ?"

"அம்மா, புடிச்ச நிறமெல்லாம் அடிக்க முடியாதும்மா. சரியான நிறம்னு ஒண்ணு இருக்கு."

"யாருக்குச் சரி?"ன்னு நான் ஆரம்பிச்சேன். இன்னும் நிறைய வெச்சிருந்தேன். அதுக்குள்ள இவர் என் முழங்கையைப் புடிச்சு நகர்த்தினார்.

"அவ கலக்கல சார். நான் கலந்தேன். எனக்குப் பச்சை தெரியாது. சிவப்பும் தெரியாது. எழுபத்தொன்பதுல விமானப்படை மெடிக்கல்ல அதுக்குத்தான் என்னைத் திருப்பி அனுப்பினாங்க. என் கண்ணுக்கு ஹண்டர் இப்படித்தான் இருக்கு."

அந்த மனுஷன் டார்ச்சை அணைச்சுட்டார். "சார், எனக்குத் தெரியாது. மன்னிச்சுடுங்க. அப்படின்னா இதுக்கு ஒரு சிறப்புப் பரிசு மாதிரி ஏதாவது..."ன்னு இழுத்தார்.

"வேணாம்"னேன். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் விடல. "இரக்கப்பட்டுக் கொடுக்கிறது எங்களுக்கு வேணாம். நிறம் தப்புன்னா மார்க்கைக் குறைங்க. மத்தவங்களுக்கு எவ்வளவு குறைப்பீங்களோ அவ்வளவு குறைங்க. ஆனா ஒட்டுக்கும் கண்ணாடிக்கும் உள்ள மார்க்கைப் போடுங்க, அது என் வேலை." குறைச்சார். எழுதினதை நான் எட்டிப் பார்த்தேன். சரியாத்தான் போட்டிருந்தார். பரிசு எதுவும் வரல. இவருக்கு அந்தச் சிறப்புப் பரிசு மேல ஒரு ஆசை இருந்துச்சோ என்னமோ, நான் கேட்டுக்கல.

சாயங்காலம் வரைக்கும் ஜனம் வந்துக்கிட்டே இருந்துச்சு. எந்த விமானம், எந்த விமானம்னு கேட்டுக்கிட்டு நேரா எங்க மேசைக்கு வர்றாங்க. இவர் எல்லார்கிட்டயும் சொல்றார். புள்ளிப் புத்தகம், பின்னாடி நின்னு சிரிச்சவன், மாடு கயித்தை அறுத்துக்கிட்டு ஓடினது, எல்லாம். கையை ஆட்டி ஆட்டிச் சொல்றார். அவங்கள்ல ஒருத்தர், நாப்பது வயசிருக்கும், "சார், எனக்கும் அப்படித்தான், என் வீட்டுல இன்னும் தெரியாது"ன்னு இவர் கையைப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல. நான் சாப்பாட்டுப் பையைப் புடிச்சுக்கிட்டு ஓரமா நிக்கிறேன். எனக்கு முப்பத்துநாலு வருஷம் சொல்லாததை, பேர் தெரியாத ஆளுங்களுக்கெல்லாம் ஒரே நாள்ல சொல்லித் தீர்க்கிறார். அது மட்டும் எனக்கு இன்னும் ஆறல தம்பி. மத்தபடி ஒண்ணுமில்ல.

அதனால உங்களுக்குக் கொடுக்க என்கிட்ட பெட்டி இல்ல. வெறும் அட்டை இருக்கு, வேணும்னா அதை எடுத்துட்டுப் போங்க. உங்ககிட்ட இது மாதிரி எத்தனை இருக்கு? அறுபதா? ஒண்ணாவது செஞ்சிருக்கீங்களா? ... கேட்டது தப்பா? சரி, விடுங்க.

அதோ, ஜன்னல் கட்டையில நிக்குது பாருங்க, அதுதான். அப்பலேர்ந்து ஓரக்கண்ணால அதைத்தானே பார்த்துக்கிட்டு இருக்கீங்க? கிட்டப் போங்க. கையில எடுங்க. அட, இறக்கையைப் புடிச்சே எடுங்க தம்பி, ஏன் இப்படிப் பயப்படுறீங்க? உடைஞ்சா ஒட்டிக்கலாம்.